ஆம்பூருக்கு ஒரு ‘நீங்க’

பொங்கல் லீவு முடிந்து வந்த சனிக்கிழமை காலை, துணிப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நான் ஆம்பூருக்குக் கிளம்பியபோது என் மனைவி வாசலில் நின்று கேட்டாள்: “ஆம்பூருக்கு யாராச்சும் ஊர் பாக்கப் போவாங்களா? சோளிங்கர் போறாங்க, திருப்பதி போறாங்க. நீங்க தோல் நாத்தத்த மோந்து பாக்கப் போறீங்களே!” அவள் கேட்டதில் தப்பே இல்லை. ஆனால் இந்த 1936இல் நான் அங்கே போயே ஆகவேண்டிய காரணம் ஒன்று என் பைக்குள் இருந்தது. ஆறணாவுக்கு வாங்கிய ஒரு பழைய புஸ்தகம்.

விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். இருபத்தோரு வருஷத்துக்கு முன்னால் நான் ஆம்பூரில் தோல் பதனிடும் டேனரி ஒன்றில் கடிதம் எழுதும் குமாஸ்தா. கபூர் அங்கே தோல் தரம் பிரிக்கிறவன். என் வயதுதான். கண்ணை மூடிக்கொண்டு விரலால் தடவியே முதல் ரகமா மூன்றாம் ரகமா என்று சொல்லிவிடுவான். நாங்கள் இரண்டு பேரும் மத்தியானச் சாப்பாட்டு வேளையில் ஒரு கிழிந்த இங்கிலீஷ் புஸ்தகத்தைப் படித்தோம். குவேக்கர் என்று ஒரு கூட்டத்தாரைப் பற்றிய சரித்திரம் அது. அட்டையும் இல்லை, முதல் பதினாறு பக்கமும் இல்லை. அந்தப் புஸ்தகத்தால்தான் நாங்கள் பேச்சு முறிந்து பிரிந்தோம். சென்ற மாதம் மூர் மார்க்கெட்டில் அதே புஸ்தகம், அட்டையோடும் முதல் பதினாறு பக்கத்தோடும், என் கையில் வந்து விழுந்தது. இனிமேலும் போகாமல் இருந்தால் நான் மனுஷனே இல்லை என்று தோன்றிவிட்டது.

மதராஸில் ஆறு நாற்பதுக்குப் புறப்படும் பாசஞ்சர். வாலாஜா ரோடு வரைக்கும் மூன்றாம் வகுப்பில் ஒரு ரூபாய் மூன்றணா. அறுபத்தைந்து மைல் போய் இறங்கியபோது காலை மணி ஒன்பதரை. அரக்கோணத்தில் காப்பி சுமார்தான், இட்லி பரவாயில்லை. வழி நெடுக அந்தப் பதினாறு பக்கத்தையே மூன்று தடவை படித்தேன். எதிரில் உட்கார்ந்திருந்தவர் நான் ஏதோ பரீட்சைக்குப் போகிறேன் என்று நினைத்துக்கொண்டு, “இந்த வயசுலயா?” என்று கேட்டே விட்டார். பரீட்சைதான் ஐயா என்றேன்.

நேராக ஆம்பூருக்கே போய் இறங்கியிருக்கலாம். வாலாஜா ரோட்டில் இறங்கியது, பாகில் ஊறின மக்கன் பேடா மிட்டாய்க்காக. கபூருக்கு ஆற்காட்டு மக்கன் பேடா என்றால் உயிர். சம்பளம் வாங்கிய வாரம் யார் ஆற்காட்டுப் பக்கம் போனாலும் சொல்லியனுப்புவான். ஸ்டேஷனிலிருந்து ஆற்காட்டுக்குப் பாலாற்றைத் தாண்டி ஐந்து மைலுக்குமேல். ஜட்காவுக்கு ஆறணா பேசினேன். வண்டிக்காரரிடம் வேண்டுமென்றே ஒவ்வொரு பேச்சிலும் ‘நீங்க’ போட்டேன். “நீங்க எந்த ஊரு? நீங்க சாப்ட்டீங்களா? குதிரை நீங்க வாங்கினதா?” பாதி வழியில் அவர் வண்டியை நிறுத்திவிட்டுத் திரும்பினார்.

“இன்னா சார், ஏறினதுலேர்ந்து நீங்க நீங்கன்றீங்க. கூலிய கம்மி பண்ணப் போறீங்களா?”

“இல்லீங்க. சும்மா பழகிக்கிறேன்.”

“இதுல இன்னா பழக்கம்?” என்று முணுமுணுத்துவிட்டுக் குதிரையைத் தட்டினார். ஆனால் இறங்கும்போது பையை எடுத்துக் கையில் கொடுத்தார்.

நான் எதற்காகப் பழகிக்கொண்டேன் என்பதற்குக் கொஞ்சம் பின்னால் போகவேண்டும். அது வேலூரில் தொடங்கியது. ஆற்காட்டில் ஒரு மண்சட்டி நிறையப் பேடாவைப் பாகோடு வாங்கி, வாயைத் துணியால் கட்டி, பஸ் பிடித்து வேலூருக்கு வந்தேன். பதினைந்து மைல், நாலணா. மத்தியானம் ஒரு மணி. கோட்டை அகழிக்கு எதிர்ப்பக்கத்துச் சந்தில் பழைய காகிதக் கடை ஒன்று இருந்தது. கபூரும் நானும் ஒரு ஞாயிற்றுக்கிழமை அங்கேதான் அந்தக் கிழிசல் புஸ்தகத்தை எடை போட்டு வாங்கினோம். இப்போது அங்கே அலுமினியப் பாத்திரம் விற்கிறார்கள். கடைக்காரரிடம், “இங்கே ஒரு காகிதக் கடை...” என்று இழுத்தேன். “பேஜாரு சார், அத்தயே வந்து வந்து கேக்கறாங்க” என்றார். அப்படி வேறு யார் வந்து கேட்கிறார்கள் என்று தெரியவில்லை. அந்தச் சந்தில் சற்று நேரம் சும்மா நின்றேன். அன்றைக்கு நாங்கள் சிரித்த சிரிப்பு எனக்குக் கேட்டது என்றே சொல்வேன்.

சிரிப்புக்குக் காரணம் உண்டு. முதல் பக்கங்கள் இல்லாததால் குவேக்கர் யார் என்றே எங்களுக்குப் புரியவில்லை. அகராதியில் பார்த்தால் ‘நடுங்குகிறவன்’ என்று போட்டிருந்தது. கபூர் கவலையோடு கேட்டான்: “ஊரு மொத்தத்துக்கும் குளிர் ஜுரமாடா?” ஒரு வாரம் அப்படித்தான் நினைத்துப் படித்தோம். பிறகுதான் புரிந்தது. கடவுள் வார்த்தைக்கு நடுங்குங்கள் என்று அவர்கள் நீதிபதியிடமே சொல்லப்போக, அவர் கேலியாக வைத்த பெயராம் அது. அவர்கள் தங்களுக்கு வைத்துக்கொண்ட பெயர் ‘சிநேகிதர்கள்’. “அப்டின்னா தோஸ்துங்க. இத மொதல்லயே சொல்றதுக்கு இன்னா?” என்றான்.

அந்தக் கூட்டத்தை ஆரம்பித்தவர் சின்ன வயதில் செருப்புத் தைக்கிறவரிடம் தொழில் பழகியவர், தோலாலேயே உடுப்புப் போட்டுக்கொண்டு ஊர் ஊராய்த் திரிந்தவர் என்று படித்த அன்றைக்குக் கபூரைப் பிடிக்க முடியவில்லை. “நம்ம ஆளுடா!” என்று தொடையைத் தட்டினான். அடுத்த கேள்வி, “ஆட்டுத்தோலா மாட்டுத்தோலா?” புஸ்தகத்தில் அது இல்லை. ஒரு சரித்திரம் எழுதுகிறவன் இதைக்கூட எழுதமாட்டானா என்று இரண்டு நாள் திட்டினான். குவேக்கர்கள் ராஜாவுக்கு முன்னாலும் தொப்பியைக் கழற்றமாட்டார்கள், அதற்காக ஜெயிலுக்குப் போனார்கள் என்றேன். அவனுக்குத் தலைகால் புரியவில்லை. “தொப்பி போட்டுக்கறதுதானே மரியாத? கழட்டினா மரியாதன்னு எவன் சொன்னான்?” தொழுகைக்கு மட்டும் கழற்றுவார்களாம் என்றதும் தன் தொப்பியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு விழுந்து விழுந்து சிரித்தான்.

ஐரோப்பாவில் சண்டை நடந்துகொண்டிருந்த சமயம். எங்கள் தோல் எல்லாம் சிப்பாய் பூட்ஸுக்கென்று கப்பல் ஏறிக்கொண்டிருந்தது. சண்டைக்கே போகமாட்டோம் என்கிறவர்களைப் பற்றி நாங்கள் தோல் பதனிட வைத்திருந்த ஆவாரம்பட்டைக் குவியலில் சாய்ந்துகொண்டு படித்தோம். அவர்கள் கோயிலில் பூசாரி கிடையாது, பாட்டுக் கிடையாது, எல்லாரும் பேசாமல் உட்கார்ந்திருப்பார்கள் என்று படித்துவிட்டு, நாங்களும் பத்து நிமிஷம் பேசாமல் உட்கார்ந்து பார்ப்போம். எட்டாவது நிமிஷத்தில் யாராவது ஒருவன் சிரித்துவிடுவான். அதைப்போல ஒரு மத்தியானத்தை எனக்கு அப்புறம் யாரும் கொடுக்கவில்லை.

வேலூரில் சத்திரத்தில் தங்கினேன். ஞாயிறு காலை ஏழு மணி பஸ்ஸில் ஆம்பூருக்கு எட்டணா, முப்பது மைல். பள்ளிகொண்டா தாண்டி மாதனூர் வரும்வரை வலதுபக்க ஜன்னல் நல்லது, பாலாறு கூடவே வரும். மாதனூருக்கு அப்புறம் நான் ஜன்னல் பக்கம் பார்க்கவில்லை. ஆம்பூரை விட்டுப் போன காரணத்தையே நினைத்துக்கொண்டிருந்தேன்.

குவேக்கர்கள் எல்லாரையும் ஒரே மாதிரி ‘நீ’ என்றுதான் கூப்பிடுவார்கள், ராஜாவையும்கூட என்று புஸ்தகத்தில் இருந்தது. நான் உடனே, அப்படியானால் நாமும் முதலாளியை ‘நீ’ என்போம் என்று வாய்வீரம் பேசினேன். கபூர் தலையை ஆட்டினான். “எங்க ஊட்ல பச்சப்புள்ளயக்கூட ‘ஆப்’ன்னுதாண்டா கூப்புடுவோம், எங்க பாஷைல ‘நீங்க’. எல்லாரையும் நீன்னு எறக்கறத்துக்குப் பதிலா, எல்லாரையும் நீங்கன்னு ஏத்திட்டா போச்சு!” நான் புஸ்தகத்தில் அப்படியில்லை என்று வாதாடினேன். அவன் மறுநாளே ஆரம்பித்துவிட்டான். சுண்ணாம்புக் குழியில் இடுப்பளவு நின்று தோல் புரட்டுகிறவர்களை டேனரியில் எல்லாரும் ‘டேய்’ என்றுதான் கூப்பிடுவோம். கபூர் அவர்களிடம், “நீங்க அந்தத் தோல இப்டி எடுத்துப் போடுங்க” என்றான். உலகத்தில் ஒரே ஒரு ஆளுக்கு மட்டும் ‘டா’ வைத்திருந்தான். அது நான். “தோஸ்துக்கு ரூல் இல்ல” என்பான்.

குழியில் வேலை செய்தவர்களில் முனியன் என்று ஒருவர். அப்போதே நாற்பது தாண்டியவர். இந்தக் கட்டுரையில் அவரை ‘அவர்’ என்று எழுதுகிறேன். அந்தக் காலத்தில் எழுதியிருந்தால் ‘அவன்’ என்றுதான் எழுதியிருப்பேன். ஒருநாள் மேஸ்திரி “டேய் முனியா” என்று கத்தியபோது அவர், “கபூர் பாய் மாதிரி கூப்புடுங்களேன்” என்று சொல்லிவிட்டார். அவ்வளவுதான். மேஸ்திரி குதித்தார். முதலாளி என்னையும் கபூரையும் அறைக்குக் கூப்பிட்டார். “ஏதோ கிதாப் படிக்கிறீங்களாமே, யாரு கொண்டாந்தது?” புஸ்தகம் என் மேஜை டிராயரில் கிடந்தது. “எனக்கு ஒண்ணும் தெரியாதுங்க” என்றேன். பொய் சொல்லமாட்டோம், சத்தியமும் பண்ணமாட்டோம், எங்கள் பேச்சே போதும் என்று ஜெயிலில் கிடந்தவர்களைப் பற்றி முந்தின நாள்தான் படித்திருந்தேன்! “சரி, அந்த ஆளக் கூப்புடு” என்றார். நான் வாசலுக்குப் போய், கபூர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, என் அப்பா வயதுக்காரரை, “டேய் முனியா, இங்க வாடா!” என்று கூப்பிட்டேன். தொண்டை கிழியக் கூப்பிட்டேன். என்மேல் சந்தேகம் வரக்கூடாது அல்லவா?

அன்று சாயந்தரம் முனியனுக்கு வேலை போயிற்று. மறுநாள் காலை கபூர் தானாகவே நின்றுவிட்டான். தெருவில் நான் எதிரே வந்தபோது அவன் முகத்தைத் திருப்பவில்லை, என்னைத் தாண்டிப் பார்த்துக்கொண்டு போய்விட்டான். அடுத்த மாதம் நான் மதராஸில் வேலை தேடிக்கொண்டேன். இதுதான் கதை. இருபத்தோரு வருஷம் இதை நான் என் மனைவியிடம்கூடச் சொன்னதில்லை. இதைப் படித்துத்தான் தெரிந்துகொள்வாள்.

ஆம்பூர் வருகிறது என்பதை முதலில் மூக்கு சொல்லும், பிறகுதான் மைல்கல் சொல்லும். ஒன்பது மணிக்கு இறங்கினேன். தோல் ரகம் சொல்லும் கபூர் எங்கே இருக்கிறார் என்று கேட்டதும் மூன்று பேர் கையைக் காட்டினார்கள். கடைத்தெருக் கோடியில் செருப்பும் இடுப்பு வாரும் விற்கும் சின்னக் கடை. தாடி பாதிக்குமேல் வெளுத்திருந்தது. ஒரு வாரைத் தடவிக்கொண்டிருந்த விரல் நின்றது. என்னையே பார்த்தான்.

“வாங்க,” என்றான். “உக்காருங்க.”

என் மனசு எப்படி ஆகியிருக்கும் என்று சொல்லவேண்டுமா? ஊருக்கெல்லாம் ‘நீங்க’ சொல்கிறவன் என்னிடமும் ‘நீங்க’ என்றால், அது மரியாதையா, கோபமா, எல்லாரைப் போல நீயும் ஒருத்தன் என்கிறானா? கண்டுபிடிக்க வழியே இல்லை. தடுமாறிக்கொண்டு பேடாச் சட்டியை எடுக்கப் பையில் கையை விட்டேன். கை பிசுபிசுத்தது. துணி அவிழ்ந்து பாகு முழுக்கப் புஸ்தகத்தில் கொட்டியிருந்தது. அட்டையும் முதல் பக்கங்களும் ஒரே கட்டியாக ஒட்டிக்கொண்டிருந்தன. சரியாகப் பதினாறு பக்கம்!

கபூர் அதை வாங்கிப் பார்த்தான். ஒரு தாளின் ஓரத்தை இரண்டு விரலால் தடவினான். “மூணாம் ரகம்,” என்றான். சிரிக்கவில்லை. அப்படியே ஒரு பேடாவை எடுத்து வாயில் போட்டுக்கொண்டான்.

வேறு வழி? ஒட்டிப்போன பக்கங்களில் என்ன இருந்தது என்று நானே வாயால் சொன்னேன். “அந்தக் காலத்துல இங்கிலீஷ்லயும் நீ, நீங்க ரெண்டும் இருந்திருக்கு கபூர். பெரிய மனுஷனுக்கு ‘நீங்க’, ஏழைக்கு ‘நீ’. அந்த வித்தியாசம் வேணாம்னுதான் குவேக்கருங்க எல்லாருக்கும் ‘நீ’ன்னு சொல்லி அடி வாங்கினாங்க. ஆனா அப்புறம் ஊரு என்ன பண்ணுச்சு தெரியுமா? இன்னிக்கு இங்கிலீஷ்காரன் ராஜாவுக்கும் ‘யூ’, கூலிக்காரனுக்கும் ‘யூ’. அது அந்தக் காலத்து ‘நீங்க’. ‘நீ’ செத்தே போச்சு. எல்லாரையும் ஏத்திட்டாங்க. நீ சொன்னதுதான் நடந்துது. நீ ஜெயிச்சிட்டே.”

அவன் விரலைத் துடைத்துக்கொண்டான். “நா ஜெயிச்சி இன்னா ஆவறது? முனியனுக்கு வேல போச்சே.”

“தப்புப் பண்ணிட்டேன் கபூர். மன்னிச்சிடு. அத சொல்லத்தான் வந்தேன்.”

“என்கிட்ட எதுக்குச் சொல்றீங்க? நீங்க டேய்ன்னு கூப்ட்டது என்னையா?”

எழுந்து, பலகைகளைப் போட்டுக் கடையை மூட ஆரம்பித்தான்.

அவன் என்னை அழைத்துப்போனது முனியனிடம்; அவர் பாலாற்றுக்கு அக்கரையில் இருக்கிறார். கடைத்தெருவிலிருந்து இரண்டு மைல், நடை முக்கால் மணி. தை மாதமானதால் ஆற்றில் கணுக்கால் தண்ணீர்தான், பாக்கியெல்லாம் மணல். நடுமணலில் கபூர் மெதுவாகச் சொன்னான், வேலை போன வருஷம் முனியன் ஜவ்வாது மலைப்பக்கம் போய் ஆவாரம்பட்டை உரித்துக் கட்டுக்கட்டாகத் தலையில் சுமந்து வந்து விற்றார் என்று.  

வேப்பமரத்தடியில் கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்திருக்கப் போனார். நான் ஓடிப்போய், “எழுந்திருக்காதீங்க. நீங்க உக்காருங்க” என்றேன். ஜட்காக்காரரிடம் அத்தனை பழகியும் சொல் தடுக்கித்தான் வந்தது. முனியன் சட்டென்று திரும்பித் தன் பின்னால் பார்த்தார். பின்னால் யாரும் இல்லை. மறுபடி என்னைப் பார்த்தார்.

“யார சொல்றீங்கோ சாமி?”

“உங்களத்தாங்க.”

டேனரி, குமாஸ்தா என்று நான் யார் என்பதை ஞாபகப்படுத்தினேன். அன்றைக்கு வாசலில் நின்று கூப்பிட்டதைச் சொன்னேன். இருபத்தோரு வருஷமாக அது என் காதிலேயே இருக்கிறது என்றேன். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, வெட்கத்தைவிட்டுச் சொல்கிறேன். அவர் நெற்றியைச் சுருக்கி நெடுநேரம் யோசித்தார்.

“எந்த டேயி சாமி அது? நாளிக்கி நூறு டேயி கேட்ட காது இது. அதுல உங்களுது எதுன்னு நான் இன்னா கண்டேன்?”

என்னைச் செருப்பால் அடித்திருந்தால்கூட அவ்வளவு வலித்திருக்காது. இத்தனை வருஷம் நான் தனியாகப் பொத்தி வைத்திருந்த பாவம், அவருக்கு நூற்றோடு நூற்றொன்று.

“ஆனா,” என்று கபூரைக் கையால் காட்டினார், “பாயி சொன்ன மொதோ ‘நீங்க’ நெனப்பு கீது. செவ்வாக்கெழம. குழில நின்னுகினு இருந்தேன். மேல யாரோ பெரியவங்க வந்துட்டாங்கன்னு திரும்பித் திரும்பிப் பாத்தேன்.” சொல்லிவிட்டுச் சிரித்தார்.

 நானும் கபூரும் தரையில் உட்கார்ந்தோம். மூன்று பேரும் பேசாமல் இருந்தோம், அந்த மத்தியானங்களைப் போல. பத்து நிமிஷமோ, அரை மணியோ, கடிகாரத்தைப் பார்க்கவில்லை. இந்தக் கட்டுரையில் நான் கணக்காகச் சொல்லமுடியாத நேரம் அது ஒன்றுதான். இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை. கிளம்பும்போது நான் கேட்டுக்கொண்டேன்: “என்ன சாமின்னு கூப்பிடாதீங்க.” “அப்ப இன்னான்னு கூப்புடறது?” என்று அவர் விழித்தார். பேர் சொல்லி என்றதற்கு, அதெல்லாம் ஆவாது என்று கையை ஆட்டிவிட்டார். மிச்சப் பேடாவை அவரிடம் கொடுத்தோம். நாங்கள் வேலியைத் தாண்டும்போது கட்டிலில் இருந்தபடியே குரல் கொடுத்தார்: “பாத்துப் போய்ட்டு வாங்க.”

ஆற்றுமணலில் பாதி வந்ததும் கபூர் நின்றான். “போய்ட்டு வாங்கன்னாரு. சாமிய உட்டுட்டாரு. கவனிச்சியாடா?”

நான் அதைக் கவனிக்கவில்லை. கடைசியில் இருந்த அந்த ‘டா’வைத்தான் கவனித்தேன். குனிந்து செருப்பிலிருந்த மணலைத் தட்டினேன். அவன் புரிந்துகொண்டான் போலிருக்கிறது, “ஜாஸ்தி தட்டாத, பிஞ்சிடும். இது மதராஸ் செருப்பு” என்றான்.

இனி, போகிறவர்களுக்கு. வாலாஜா ரோட்டில் இறங்காதீர்கள். நேராக ஆம்பூருக்கே டிக்கெட் வாங்குங்கள், ரயில் அங்கேயே நிற்கும். பேடாவை மண்சட்டியில் வாங்காதீர்கள், மூடி போட்ட தகர டப்பா கொண்டுபோங்கள், அதைப் புஸ்தகத்தோடு ஒரே பையில் வைக்காதீர்கள். ஆற்றைத் தாண்டுவது என்றால் தை, மாசி நல்லது. வெயில் ஏறுவதற்குள் திரும்பிவிடுங்கள். திரும்ப நாலு மணிக்கு ஒரு பாசஞ்சர் இருக்கிறது. எல்லாம் சேர்த்து எனக்கு ஐந்து ரூபாய்க்குள் ஆயிற்று. புஸ்தகம் கபூர் கடையில் இருக்கிறது. முதல் பதினாறு பக்கம் எப்போதும்போல இல்லை. வேண்டுமானால் அவனே வாயால் சொல்வான், செருப்பு வாங்காவிட்டாலும் சொல்வான்.

இன்னொன்று. ஜட்காவில் ஏறும்போதும் மூட்டை கொடுக்கும்போதும் ‘நீங்க’ என்று சொல்லிப் பாருங்கள். செலவு ஒன்றும் கிடையாது. முதலில் அவர்கள் யாரையோ சொல்கிறீர்கள் என்று திரும்பிப் பின்னால் பார்ப்பார்கள். பின்னால் யாரும் இல்லை என்று தெரிந்து உங்கள் பக்கம் திரும்புகிறவரைக்கும் அவசரப்படாமல் நில்லுங்கள்.